ஒரே பொன்: கன்றுக்குட்டியா, கூடாரமா?

தியானப் பகுதி: யாத்திராகமம் 32, 35 அதிகாரங்கள்



"படம் வரையலாமா? நாடகம் பார்க்கலாமா? போன்ல கேம் விளையாடினா பாவமா?" வாலிபர் கூட்டங்களில் அடிக்கடி வருகிற கேள்விகள் இவை. "எல்லாம் பிசாசின் கண்ணி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். "காலம் மாறிப்போச்சு, எதுவும் தப்பில்லை" என்று விட்டுவிடுவதும் சுலபம். வேதம் இந்த இரண்டு வழியிலும் போகாமல், வேறொரு கேள்வியை நம்முன் வைக்கிறது.

1. அதே ஜனம், அதே காதணி

மோசே மலையிலிருந்து இறங்கிவரத் தாமதித்தபோது, ஆரோன் ஜனங்களிடம் காதுகளில் கிடந்த பொன்னணிகளைக் கேட்டான். கழற்றிக் கொடுத்தார்கள். கன்றுக்குட்டி உண்டாயிற்று. புசித்தார்கள், குடித்தார்கள், விளையாட எழுந்தார்கள் (யாத். 32:1-6).

மூன்று அதிகாரம் தள்ளி வாசியுங்கள். அதே ஜனம் மறுபடியும் காதணிகளைக் கொண்டுவருகிறது. இந்த முறை கர்த்தருடைய வாசஸ்தலத்துக்காக (யாத். 35:22). பொன்னிலே குற்றமில்லை. அதை உருக்கி வார்த்த தொழிலிலும் குற்றமில்லை. யாருக்காக வார்த்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று வேதம் முதலாவது யாரைச் சொல்லுகிறது தெரியுமா? தீர்க்கதரிசியை அல்ல, ராஜாவை அல்ல. பொன், வெள்ளி, கல், மரம் இவைகளில் வேலை செய்த பெசலெயேலை (யாத். 31:1-5). அபிஷேகம் என்றால் பிரசங்கமும் அந்நிய பாஷையும் மட்டும்தான் என்று நினைக்கிறோமே! நம் சபையில் படம் வரைகிற தம்பியையும் தையல் வேலை செய்கிற தங்கச்சியையும் பார்த்து, "இதெல்லாம் எதுக்கு வேண்டாத வேலை" என்று சொல்லாதிருங்கள்.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) இதற்கு நல்ல சாட்சி. அவர் காலத்தில் குறவஞ்சி என்பது அரசர்களையும் கோவில் தெய்வங்களையும் புகழ்ந்து ஆடிப்பாடப்பட்ட நாடகம். அந்த வடிவத்தை அவர் வீசி எறியவில்லை. அதையே எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' என்று கிறிஸ்துவைப் பாடினார். காதணி கூடாரமாயிற்று!

2. விளையாட்டு ஆசீர்வாதமே, ஆனால்...

எருசலேமைத் திரும்பக் கட்டும் வாக்குத்தத்தத்தில், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் வீதிகளில் விளையாடுவதைத் தேவன் காட்டுகிறார் (சகரியா 8:5). பிள்ளைகளின் சிரிப்பு அவருக்குப் பிரியம்.

ஆனால் வெண்கலச் சர்ப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது தேவன் சொல்லிச் செய்யப்பட்டது. நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள் (எண். 21:8, 9). பல தலைமுறைக்குப் பின் ஜனங்கள் அதற்கே தூபங்காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜா. 18:4). வெண்கலம் மாறவில்லை. ஜனங்களின் இருதயத்தில் அதன் இடம் மாறிவிட்டது. நல்லதுகூட விக்கிரகமாகலாம்.

3. கையிலிருக்கிற கேம்

1980இல் பாக்-மேன் வந்த காலத்தில், கேம் விளையாடக் கடைக்குப் போக வேண்டும். சில்லறை தீர்ந்தால் பையன் வீட்டுக்கு வந்துவிடுவான். இன்றைக்குப் போனிலுள்ள பல கேம்களுக்கு முடிவே இல்லை. தினமும் வந்தால் பரிசு, ஒருநாள் வராவிட்டால் நஷ்டம், காசு கட்டினால் மட்டும் திறக்கிற பெட்டி, அதற்குள் என்ன இருக்கிறதென்று முன்னாடி தெரியாது. பிள்ளை போனைக் கீழே வைக்காதபடிக்கு யோசித்து யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேம் அடிமைத்தனமும் இருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அடையாளங்கள் மூன்று: கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைத்தல், கெடுதல் வந்த பின்பும் தொடர்தல். விளையாடுகிற எல்லாரும் நோயாளிகள் அல்ல. ஆனால் எல்லாவற்றுக்கும் எனக்கு அதிகாரம் இருந்தாலும் ஒன்றுக்கும் அடிமையாக மாட்டேன் என்று பவுல் தீர்மானித்தது இதைப்பற்றித்தானே (1 கொரி. 6:12)!

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் இந்தியச் சட்டம் தடைசெய்தது. நல்லது. ஆனால் உழைக்காமல் பணம் வரவேண்டும் என்ற ஆசையைச் சட்டம் எடுத்துப்போடாது. அதைச் சிலுவையண்டை கொண்டுவர வேண்டியது நாம்தான்.

4. நம்மை நாமே சோதிப்போம்

அ) ஏழு நாள் இதை விட்டிரு என்றால் என்னால் முடியுமா?
ஆ) இது எதைத் தின்கிறது? தூக்கத்தையா, படிப்பையா, ஜெபத்தையா?
இ) முடித்த பிறகு என் மனதில் தங்குவது சுத்தமானதா (பிலி. 4:8)?
ஈ) யாராவது வந்தால் மறைக்கிறேனா?

பெற்றோரே, இந்தக் கேள்விகள் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. சீரியல் முடியட்டும் என்று குடும்ப ஜெபத்தைத் தள்ளிவைக்கிற வீட்டில், "போனை வை" என்றால் பிள்ளை கேட்பானா? பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் உட்காருங்கள். "இது என்ன கேம்? இதுல நீ என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். பிள்ளை தூக்கமும் சாப்பாடும் விட்டு அதிலேயே கிடந்தால், ஜெபியுங்கள், வைத்தியரிடமும் கூட்டிப்போங்கள். அதில் வெட்கமில்லை, அவிசுவாசமும் இல்லை.

இந்த வாரம் ஒருநாள் சாயங்காலம், அப்பா அம்மா உட்பட வீட்டிலுள்ள எல்லாரும் போனையும் டிவியையும் அணைத்துவிடுங்கள். பிள்ளைகளோடு விளையாடுங்கள், பாடுங்கள், பிறகு ஜெபியுங்கள். நம்முடைய நேரம், கண், கைத்திறமை, இவையே நம்மிடமுள்ள பொன். அது கன்றுக்குட்டியாகாமல் கர்த்தருடைய வாசஸ்தலத்துக்கு ஆகும்படி அவர்தாமே கிருபை செய்வாராக. ஆமென்.