புதுச்சேரியிலிருந்து பாரிஸ்: சிம் விஷயத்தில் கவனம்!

விசா கைக்கு வந்ததும் பெட்டி கட்ட உட்கார்ந்துவிடுகிறோம். அதற்கு முன், வங்கிக் கணக்கில் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஓடிபி அதற்குத்தான் வரும். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் ப்ரீபெய்டு எண் கைவிட்டுப் போகலாம். ஆகவே குறைந்தபட்ச ரீசார்ஜை நிறுத்தாதீர்கள். சர்வதேச ரோமிங்கை ஊரிலேயே போட்டுக்கொண்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவையுங்கள்.

பாரிஸ் விமான நிலையத்தில் சிம் வாங்க வேண்டாம். அது சுற்றுலாப் பயணிக்கு வைத்த விலை. கார் து நோர் ரயில் நிலையத்தை அடுத்த லா ஷப்பேலில், நம் காய்கறி, மளிகைக் கடைகளுக்கு நடுவே, லைக்கா, லெபாரா ப்ரீபெய்டு சிம்களைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். முதல் மாதத்துக்கு அது போதும்.

மாதக் கட்டணத் திட்டத்துக்கு ‘ரிப்’ கேட்பார்கள். வங்கிக் கணக்கு விவரத் தாள்தான் அது. நம் பாஸ்புக்கின் முதல் பக்கம் மாதிரி. ‘சொல்தா’ (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது! ‘சான்ஸ் ஆங்காஜ்மான்’ என்று போட்டிருந்தால் ஒப்பந்தக் காலம் இல்லை, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். 2012-இல் ஃப்ரீ நிறுவனம் 2 யூரோ திட்டத்தோடு நுழைந்த பிறகு இந்த வகை மலிந்துவிட்டது. 24 மாதம் கட்டிப்போடும் திட்டத்தில், புதுப் போன் தருகிறார்கள் என்பதற்காகக் கையெழுத்திடாதீர்கள்.

நிறுவனம் மாறினாலும் எண் மாறாது. 3179-ஐ அழைத்தால் ‘ரியோ’ குறியீடு வரும். புது நிறுவனத்திடம் அதைக் கொடுத்தால் போதும்.

வீட்டாருக்கு எண் அனுப்பும்போது முதல் பூஜ்யத்தை எடுத்துவிட்டு +33 சேர்த்து அனுப்புங்கள்.