பனியை அளக்கும் கோல்

மார்கழி விடியலில் அம்பத்தூர் ஏரிக்கரையில் நடப்போர் ‘பனி கொட்டுகிறது’ என்பர். அவர்கள் சுட்டுவது மூடுபனியையும் புல்நுனியில் திரளும் நீர்த்துளியையுமே. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி எனப் பருவம் வகுத்தது நம் மரபு; ஆயினும் வெண்துகளாய் வீழ்ந்து அடுக்கடுக்காய்த் தங்கும் பனியை நம் நிலம் அறியாது. எனவே வீழும் துகளை ‘வெண்பனி’ என்றும், அது அழுந்தி இறுகியதைப் ‘பனிக்கட்டி’ என்றும், நிலத்தினின்று நீண்டு கடல்மேல் மிதக்கும் பனிக்கட்டிப் பரப்பைப் ‘பனித்தட்டு’ என்றும் ஈண்டு வழங்குவோம். அப்பனித்தட்டின்மேல் ஓராண்டில் எவ்வளவு வெண்பனி சேர்கிறது என்பதை எவ்வாறு அளப்பது? இதுவே நாம் ஆராயப் புகும் பொருள்.

மழையை அளத்தல் எளிது. நம் உழவர் மண் நனைந்த ஆழம் கண்டு ‘ஓர் உழவு மழை’ என்றனர். மழைமானியில் 1 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 லிட்டர் நீர் வீழ்ந்தது என்று பொருள். அண்டார்க்டிகாவில் இக்கலம் ஏமாற்றிவிடும். கடுங்காற்றில் வெண்பனி பக்கவாட்டில் பறந்து கலத்தைக் கடந்து போகும். பொழிவே இல்லாத நாளிலோ தரையில் கிடந்த பழைய பனி எழும்பிக் கலத்துள் புகும்.

இதன் வலிமையை நம் நாடு பட்டறிந்தது. கடல்சார் உயிரியல் அறிஞர் சையத் ஜஹூர் காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு 1982 ஜனவரி 9ஆம் நாள் அண்டார்க்டிகாவில் கால்வைத்தது. (இவரே பின்னர் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராய் விளங்கியவர்.) ஹர்ஷ் குப்தா தலைமையிலான மூன்றாம் குழு 1983-84இல் ‘தட்சிண கங்கோத்திரி’ என்னும் நிலையத்தைப் பனித்தட்டின்மேலேயே எழுப்பியது. சில ஆண்டுகளுக்குள் அது வெண்பனியில் அமிழலாயிற்று. 1990 அளவில் கைவிடப்பட்டது. பிரிட்டனின் ஹாலி நிலையத்தின் முதல் நான்கு கட்டடங்களும் இவ்வாறே புதையுண்டன. பின்னர் இந்தியா எழுப்பிய மைத்ரி, பாரதி ஆகிய நிலையங்கள் பாறைமேல் நிற்கின்றன.

நிலையம் புதைந்த ஆழமே பொழிந்த பனியின் அளவு எனக் கொள்ளலாமா? கூடாது. கடற்கரையில் நட்ட ஓலைத் தட்டியின் பின்னே மணல் மேடிடுவதைக் கண்டோர்க்குக் காரணம் விளங்கும். கட்டடம் காற்றைத் தடுத்துத் தன் பங்கிற்கும் மிகுதியான பனியைக் குவித்துக்கொள்கிறது. ஆகவே அளவை கட்டடங்களுக்கு விலகிய திறந்த வெளியிலேயே நிகழவேண்டும்.

அதற்குரிய கருவி வியப்பூட்டும் எளிமையுடையது: ஒரு கோல். மூங்கிலோ அலுமினியமோ, வரிசையாக நட்டு, பனிக்குமேல் நிற்கும் நீளத்தைக் குறித்துவைப்பர்; அடுத்த ஆண்டு மீண்டும் அளப்பர். காற்று பனிப்பரப்பை மேடும் பள்ளமுமாக்குவதால் ஒரு கோலை நம்புதல் தகாது; பல கோல்களின் சராசரியே கொள்ளத்தக்கது. கோலே முழுதும் மறைந்துபோவதும் உண்டு! இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினரும் பனித்தட்டில் கோல் நட்டு அளந்துள்ளனர்.

உயரம் மட்டும் போதாது, அடர்த்தியும் வேண்டும். குழி தோண்டிக் குறித்த கொள்ளளவு பனியை எடுத்து நிறுப்பர். 50 சென்டிமீட்டர் பனி சேர்ந்து, அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் பத்தில் நான்கு பங்காயின், உண்மை வரவு 20 சென்டிமீட்டர் நீரே. கோலைச் சூழ்ந்த பனி தன் எடையாலேயே அமுங்குவதால் கோல் சற்றுக் குறைத்துக் காட்டும், அதனையும் திருத்தவேண்டும். பொழிவும் காற்று கொணர்வதும் வரவு. காற்று கொண்டுபோவதும், உருகி ஓடுவதும், பதங்கமாகி ஆவியாவதும் செலவு. மிச்சத்தையே ‘மேற்பரப்பு நிறைச் சமநிலை’ என்கின்றனர். இன்று ஒலியலைக் கருவிகளும் ரேடாரும் துணைவரினும், அவற்றைச் சரிபார்க்கக் கோலும் குழியும் தேவைப்படுகின்றன.

தொலைவிலுள்ள இக்கணக்கு சென்னைக் கடற்கரையையும் தொடுகிறது. பனித்தட்டு முன்னரே மிதப்பதால் அது உருகினும் கடல்மட்டம் பெரிதும் உயராது. ஆயின் பின்னுள்ள பனியாறுகளை அது அணைபோல் தாங்கி நிற்கிறது. 2002இல் லார்சன்-பி பனித்தட்டு சில வாரங்களில் சிதறிய பின், அது தாங்கியிருந்த பனியாறுகள் பன்மடங்கு விரைவாகக் கடலுள் இறங்கின. அப்பனியாறுகள் நிலத்தின்மேல் இருந்தவை. அவை சேர்த்த நீர் கடலுக்குப் புதுவரவு.