செம்பு குறைந்தால் துத்தநாகத்தையும் பார்

அன்புள்ள தம்பிக்கு,

தீவனத்தில் எவ்வளவு செம்பு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எலியின் உடலுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. கூடவே துத்தநாகம் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். ஆய்வுக்கூட எலிக்கு ஒரு கிலோ தீவனத்தில் 5 மில்லிகிராம் செம்பும் 12 மில்லிகிராம் துத்தநாகமும் தேவை என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1995-இல் வகுத்தது. செம்பைக் கூட்டாமல் துத்தநாகத்தை மட்டும் பல மடங்கு ஏற்றினால், கல்லீரலிலும் இரத்தத்திலும் செம்பு இறங்குகிறது. செம்பைத் தாங்கிய செருலோபிளாஸ்மின் என்ற நொதி மந்தமாகிறது. சேமிப்பிலுள்ள இரும்பை இரத்தத்துக்கு எடுத்துத் தருவதில் அதற்குப் பங்குண்டு என்பதால், கடைசியில் இரத்தசோகை வருகிறது.

இது குடலிலேயே தொடங்குகிறது. துத்தநாகம் மிகுந்தால் குடற்சுவர்ச் செல்களில் மெட்டல்லோதயோனின் என்ற புரதம் பெருகும். அது துத்தநாகத்தைவிடச் செம்பை இறுகப் பற்றும். அந்தச் செல்களின் ஆயுள் சில நாள்களே. அவை உதிரும்போது பிடிபட்ட செம்பும் மலத்தோடு போய்விடும். இதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளிலும் மிகைத் துத்தநாகம் செம்பைக் குறைத்தது. ஆகவே விளைவு உறுதி. வழி ஒன்றுக்கு மேற்பட்டது.

‘மிகைத் துத்தநாகமே நஞ்சு, எலி சரியாகத் தின்னாததால் இளைத்திருக்கும், செம்பை ஏன் இழுக்கிறீர்கள்?’ என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. 1946-இல் ஸ்மித், லார்சன் இருவரும் வெளியிட்ட எலி ஆய்வு இதற்கு விடை தருகிறது. துத்தநாகம் மிகுந்த தீவனத்தோடு செம்பும் சேர்த்தபோது இரத்தசோகை தணிந்தது. வளர்ச்சிக் குறை முழுதாக நீங்கவில்லை. பசியின்மையும் நஞ்சும் ஒரு பங்கு கெடுதல் செய்திருக்கலாம். ஆனால் செம்பு கொடுத்ததும் தணிந்த சோகைக்குச் செம்புக் குறைவைத்தானே காரணமாகச் சொல்ல வேண்டும்?

‘இவ்வளவு துத்தநாகத்தை யார் உண்ணப் போகிறார்கள்? எலிக்கு நடப்பது மனிதருக்கும் நடக்குமா?’ என்பது அடுத்த கேள்வி. தீவனத்தில் செம்பு ஏற்கெனவே குறைவாக இருந்தால் மிதமான மிகையே பாதிக்கும். மனிதர் விஷயத்தில் மருத்துவமே சான்று. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்குத் துத்தநாக அசிட்டேட்டை அமெரிக்கா 1997-இல் மருந்தாக ஏற்றது. செம்பு உள்ளே போவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. நோயாளிக்கு நன்மை செய்யும் அதே தடை, காரணமின்றி நெடுநாள் துத்தநாக மாத்திரை விழுங்குபவருக்குக் கேடாகும். அப்படி வரும் சோகைக்கு இரும்பு மட்டும் கொடுத்துப் பயனில்லை. துத்தநாகத்தை நிறுத்தி, செம்பைக் கொடுக்க வேண்டும். ஆகவே எந்தத் தீவன ஆய்வைப் படித்தாலும் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்.

அன்புடன்,
உன் அண்ணன்