அரையாண்டுக்கு முன் எதை முடிப்பது?

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வகுப்பில் 38 பேர். இந்த ஆண்டு மழை விடுமுறையிலேயே நிறைய நாள் போய்விட்டது. அரையாண்டுத் தேர்வுக்கு முழுப் போர்ஷன். கையில் இருப்பதோ பத்து வேலை நாள். அளவியல், புள்ளியியலும் நிகழ்தகவும் ஆகிய இரண்டு பாடங்களை இன்னும் தொடவே இல்லை. பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள், நானும்தான். வேகமாக ஓட்டி முடித்துவிடட்டுமா? அல்லது கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறப்பு வகுப்பு வைக்கட்டுமா?

— பட்டதாரி ஆசிரியை

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பதில்:

இரண்டும் வேண்டாம், டீச்சர். நானும் ஒரு டிசம்பரில் எட்டு நாளில் இரண்டு பாடத்தை ஓட்டியவன். பாடக்குறிப்பேட்டில் எல்லாம் முடிந்திருந்தது. ஜனவரியில் அதே பாடத்தில் ஒரு கேள்வி கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. பொங்கலுக்கு முன் முதல் வரியிலிருந்து மறுபடி நடத்த வேண்டியதாயிற்று.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். அரையாண்டின் கடைசித் தேர்வு முடிந்த கையோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே இந்தப் பருவம் உங்களுக்கு முடிவது விடுமுறைக்கு முந்தின நாள் இல்லை, தேர்வுக்கு முந்தின நாள். அந்த நாளில் ஒவ்வொரு பிள்ளையும் ‘இது எனக்குத் தெரியும்’ என்று சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். பத்து நாளையும் அதற்காகச் செலவிடுங்கள்.

புதுப் பாடத்துக்கு ஆறு நாள் போதும். அளவியலில் உருளை, கூம்பு, கோளம் மூன்றையும் நிதானமாக நடத்துங்கள். இடைக்கண்டத்தையும் இணைந்த உருவங்களையும் ஜனவரிக்குத் தள்ளுங்கள். புள்ளியியலில் திட்ட விலக்கத்துக்கு ஒரு முறையை மட்டும் உறுதியாகச் சொல்லிக் கொடுங்கள். நிகழ்தகவில் நாணயமும் பகடையும் போதும். ஐந்து மதிப்பெண் பகுதியில் 14 கேள்விக்கு 10 எழுதினால் போதும் என்பதால், கட்டாய வினா தவிர மற்றவற்றில் விட்டதை ஈடுகட்ட இடம் இருக்கிறது. எதைத் தள்ளினீர்கள் என்பதைப் பிள்ளைகளிடமே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், தனக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும்.

மிச்ச நான்கு நாளும் பழைய பாடத்துக்கு. வடிவியல் வரைதலும் வரைபடமும் சேர்ந்து 16 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்னும்போது, மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு இந்த முப்பதுதான் ஊன்றுகோல். ஸ்கேலும் காம்பஸும் எல்லார் கையிலும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாத பிள்ளை வாய் திறந்து சொல்லாது.

எந்த நாளானாலும் கடைசிப் பத்து நிமிடம் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். பழைய பாடம் ஒன்றிலிருந்து நினைவில் இருக்கும் சூத்திரத்தையும் ஒரு கணக்கையும் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து தாங்களே திருத்திக்கொள்ளட்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். மார்ச் வரைக்கும் நிற்க வேண்டிய பாடத்துக்கு எது உதவும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது விடைத்தாள். ஒரு பிள்ளையின் தாளை முழுவதும் திருத்தி அடுத்ததை எடுக்காதீர்கள். முதலில் 38 தாளிலும் வரைபடத்தை மட்டும் திருத்துங்கள். அப்புறம் அடுத்த கேள்வி. மதிப்பெண் ஒரே சீராக விழும், வேலையும் வேகமாக நகரும். பலர் ஒரே இடத்தில் சறுக்கியிருப்பதும் கண்ணுக்குத் தெரியும். அவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஜனவரி முதல் வாரத்துக்கு அதுவே உங்கள் பாடத்திட்டம்.

சிறப்பு வகுப்பு வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. விடுமுறையில் பள்ளிக்கு வருவது பெரும்பாலும் வராமலேயே படித்துவிடக்கூடிய பிள்ளைகள். யாருக்காக வைக்கிறீர்களோ அந்தப் பிள்ளை வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டோ, வயலில் அப்பாவுக்குக் கைகொடுத்துக்கொண்டோ இருக்கும். அதற்குப் பதில் நாளுக்கு ஒரு கணக்கு கொடுங்கள், அதுவும் அந்தப் பிள்ளையால் போட முடிந்த கணக்கு. நோட்டை நிரப்பும் வீட்டுப்பாடத்தைக் கடைசி நாள் இரவில் யாரையாவது பார்த்துத்தான் எழுதுவார்கள்.

உங்களுக்கும் அந்த விடுமுறை நாட்கள் வேண்டும். திருத்துவதற்கு இரண்டு நாளை ஒதுக்கி முடித்துவிட்டு, தாள்களைக் கட்டி வையுங்கள். மற்ற நாட்களில் வீட்டாரோடு இருங்கள், தூங்குங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தப் பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெம்பு கொள்வார்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் புதிதாக எதுவும் நடத்தாதீர்கள். ஒவ்வொருவரையும் கரும்பலகைக்கு அழைத்து, தனக்கு நன்றாக வரும் ஒரு கணக்கின் ஒரு வரியைப் போடச் சொல்லுங்கள். பின்பெஞ்சுப் பிள்ளை ஒரு வட்டம் வரைந்து மையத்தைக் குறித்தாலும் போதும். அதைப் பார்த்து, சரி என்று சொல்லி அனுப்புங்கள்.