கார் ரேஸ் கோடீஸ்வரர்களுக்கு மட்டுமா?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் டாக்ஸி ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பஞ்சமில்லை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அப்போதிருந்து ‘நம்மாலும் முடியுமா?’ என்ற கேள்வி இங்குள்ள டீக்கடைகளிலும் எழுகிறது. முடியும். ஆனால் அதற்கு முன் சில நம்பிக்கைகளைக் கைவிட வேண்டும்.

நம்பிக்கை: இது பணக்காரர் விளையாட்டு, நமக்கு வாசலே இல்லை.

உண்மை: மேல்படிகளுக்குப் பெரும்பணம் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் முதல் படி அப்படியல்ல. சென்னைக்கு அருகே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில், ஃபியட், ஹெரால்டு போன்ற சாதாரணக் கார்களைத் தாங்களே மாற்றியமைத்து ஓட்டியவர்கள் இருந்தார்கள். கோவையின் கரிவரதன் 1980-களின் இறுதியில் இன்னும் பெரிய வாசலைத் திறந்தார். மாருதி 800-இன் 796 சிசி என்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரை வடிவமைத்தார். ஊருக்கு ஊர் கிடைக்கும் என்ஜின், ஊருக்கு ஊர் கிடைக்கும் உதிரிபாகம் என்பதால் செலவு குறைந்தது. அந்த ஃபார்முலா மாருதியில்தான் நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார். 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள 2.1 கி.மீ. பந்தயத்தளம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

நம்பிக்கை: முதலில் சொந்தமாக ஒரு ரேஸ் கார் வாங்க வேண்டும்.

உண்மை: கடைசியாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்து கடனாளியாக வேண்டாம். தொடக்கம் கோ-கார்ட். வாடகைக்குக் கிடைக்கிறது, பத்து நிமிடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். பிரேக் எங்கே பிடிப்பது, வளைவில் எந்தக் கோட்டில் போவது, ஒவ்வொரு சுற்றையும் ஒரே அளவு நேரத்தில் முடிப்பது எப்படி என்பதையெல்லாம் அது கற்றுத்தரும். அடுத்த படியில், காரையும் மெக்கானிக்கையும் அணியே தரும். ஓட்டுநர் கட்டணம் கட்டி இருக்கையைப் பெறுகிறார். ஜே.கே. டயர் தேசியப் பந்தயத்தில் புதியவர்களுக்கென்றே ‘நோவிஸ் கப்’ என்ற பிரிவு உண்டு. கட்டணம் கட்டும் முன் ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: கார் மோதிச் சேதமானால் பணம் யார் தருவது? பட்ஜெட்டைக் குலைப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

நம்பிக்கை: செங்கம் சாலையில் பறக்கத் தெரிந்தவனுக்கு டிராக் தூசு.

உண்மை: மிக ஆபத்தான நம்பிக்கை இது. ஆசிரம வாசலைத் தொட்டுச் செல்வது 14 கி.மீ. கிரிவலப் பாதை. வெறுங்காலோடு நடக்கும் முதியவர்கள், குழந்தையைத் தோளில் சுமந்தவர்கள், சாலையோரத்தில் படுத்திருக்கும் சாதுக்கள் உள்ள இடம். அங்கே வேகம் காட்டுவதற்குத் திறமை என்று பெயரில்லை. பொது இடத்தில் அரசின் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பந்தயத்தில் நேர்ந்த சேதத்துக்குச் சாதாரண வாகனக் காப்பீடும் பணம் தராது.

மேலும், டிராக்கில் வேண்டியது வேறு வித்தை. டயரின் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. பிரேக்கும் திருப்பமும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் நேர்கோட்டிலேயே வேகத்தைக் குறைத்து, வளைவின் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்துக்கு வர வேண்டும். இதைச் சாலையில் பழக முடியாது, பழகவும் கூடாது.

டாக்ஸி ஓட்டுநரின் நிதானத்துக்குப் பொருத்தமான போட்டி ஒன்று இருக்கிறது: டி.எஸ்.டி. (நேரம், வேகம், தூரம்) ராலி. அனுமதி பெற்ற பாதையில், சட்டத்துக்கு உட்பட்ட சராசரி வேகத்தில், குறித்த நேரத்துக்குச் சாவடியை அடைய வேண்டும். தாமதித்தாலும் புள்ளி போகும், முந்தினாலும் போகும். சாதாரணக் கார் போதும். கணக்குப் பார்க்க ஒரு கூட்டாளி வேண்டும்.

நம்பிக்கை: பணத்தை என்ஜினில் போட்டால் ஜெயிக்கலாம்.

உண்மை: தொடக்கப் பிரிவுகளில் எல்லோருக்கும் ஒரே வகைக் கார். ஃபார்முலா எல்.ஜி.பி. 1300 என்ற பிரிவில் சுசூகியின் 1.3 லிட்டர் என்ஜின்தான் எல்லோருக்கும். அங்கே வித்தியாசம் ஓட்டுநரின் காலிலும் கண்ணிலும் இருக்கிறது. கையில் உள்ள பணத்தைப் பயிற்சிச் சுற்றுகளுக்கும் நல்ல டயருக்கும் பிரேக் பேடுக்கும் செலவிடுங்கள்.

நம்பிக்கை: பைக் ஹெல்மெட் இருக்கிறதே, அது போதும்.

உண்மை: போதாது. கார் பந்தய ஹெல்மெட்டின் உட்புறம் தீயைத் தாங்க வேண்டும். காரின் கூண்டுக் கம்பியில் திரும்பத் திரும்ப மோதினாலும் காக்க வேண்டும். அந்தச் சோதனைகள் பைக் ஹெல்மெட்டுக்குச் செய்யப்படுவதில்லை. அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய ‘24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ பந்தயத்தில் காரின் மதிப்பு 500 டாலரைத் தாண்டக் கூடாது என்பது விதி. அங்கும் பாதுகாப்புக் கருவிகளையும் பிரேக்கையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மலிவுப் பந்தயத்துக்கென்றே பிறந்தவர்கள்கூட மிச்சம் பிடிக்காத இடம் அது.

நம்பிக்கை: ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் பந்தயத்தில் பங்கு.

உண்மை: ஒரு பந்தயம் நடக்கக் கொடி காட்டும் மார்ஷல்களும் மெக்கானிக்குகளும் நேரம் குறிப்பவர்களும் வேண்டும். மார்ஷல்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, முந்தாதே. நீலம் என்றால் வேகமான கார் பின்னால் வருகிறது. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். வளைவின் ஓரத்தில் நின்று ஒரு நாள் முழுக்கப் பார்ப்பவருக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கும் பாடம் பெரிது. திருவண்ணாமலை ஷெட்டுகளில் கார்புரேட்டரிலிருந்து இன்ஜெக்டர் வரை கைபழகிய இளைஞர்களுக்கு, அணிகள் காரைச் சரிசெய்யும் ‘பிட்’ ஒரு நேர்வழி.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கி.மீ. டிராக் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. அங்கே ஒரு பந்தயத்தை நேரில் பாருங்கள். வாடகைக் கார்ட்டில் பழகுங்கள். மருத்துவச் சான்றோடு இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பிடம் உரிமம் பெறுங்கள். சரியான ஹெல்மெட் வாங்குங்கள். கடன் வாங்காமல் எத்தனை சுற்று ஓட முடியுமோ அத்தனை ஓடுங்கள். வேகத்தின் மீது உண்மையான ஆசை உள்ள தம்பிகளே, தங்கைகளே, அந்த ஆசையை டிராக்குக்குக் கொண்டுபோங்கள். கிரிவலப் பாதையை நடப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள்.