தரகரை அழைக்கும் முன் வீட்டைத் தயார் செய்வோம்

வணிகப் பெருமக்கள் பலர் கடையில் ஈட்டிய லாபத்தை ஓர் அடுக்குமாடி வீட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். பெண்ணின் திருமணம், கடை விரிவாக்கம், மொத்தக் கடைப் பாக்கி என்று தேவை வரும்போது அதை விற்க நினைக்கிறோம். நினைத்த அன்றே தரகருக்குச் சொல்லி விடுகிறோம். நட்டம் அங்கேதான் தொடங்குகிறது. தயாராகாத வீட்டுக்கு வரும் தரகரின் கண்ணில் முதலில் படுவது நம் அவசரம்தான். விலையும் அதற்கேற்பக் குறைந்து விடும்.

சரக்கைப் புடைத்து, எடை போட்டு, விலை எழுதிய பிறகே கடை முகப்பில் வைக்கிறோம். வீட்டுக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

1. முதலில் பத்திரங்கள்

கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம், சொத்து வரி மற்றும் குடிநீர் வரி ரசீதுகள், மின் இணைப்பு விவரம், குடியிருப்போர் சங்கத்தின் பாக்கியில்லாச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள். நிலத்தில் நம் வீட்டுக்குரிய பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். வாங்குபவர் கட்டாயம் கேட்பார்.

நம்மில் பலர் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடைக்குக் கடன் பெற்றிருப்போம். அந்தப் பதிவு வில்லங்கச் சான்றில் தெரியும். கடனை அடைத்தால் மட்டும் போதாது. அடைத்ததற்கான ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் சான்றில் அந்த வில்லங்கம் தீர்ந்ததாகக் காட்டும். கடன் நிற்கிறது என்றால், பாக்கித் தொகையை வங்கியிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

2. பிறகு வீடு

பண்டிகைச் சரக்கை வீட்டில் இறக்கி வைப்பது மளிகைக்காரர் வழக்கம். மிளகாய் வற்றல், பெருங்காயம், புளி இவற்றின் நெடி மூட்டையை எடுத்த பின்னும் பல நாள் நிற்கும். குறைந்தது 15 நாள் முன்பே எல்லாவற்றையும் கிடங்குக்கு மாற்றி, சன்னல்களைத் திறந்து வையுங்கள். பருப்பு வண்டு இருக்கும் அலமாரிகளைத் துடைத்துக் காய விடுங்கள்.

ஒழுகும் குழாய், எரியாத விளக்கு, இறுகிய தாழ்ப்பாள் ஆகியவற்றைச் சரி செய்யச் சிறு செலவுதான். ஆனால் வாங்குபவர் ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் விலையைக் குறைப்பார். சுவரில் ஈரக் கசிவு இருந்தால், காரணத்தைச் சரி செய்து, சுவர் காய்ந்த பிறகே வண்ணம் பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசிய வண்ணம் பொரிந்து உதிரும்.

3. எந்த மாதம்?

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் வீடு பேசி முடிப்பதில்லை. அந்த மாதங்களை நாம் தயாரிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மார்கழியில் பழுது பார்த்து, தை பிறந்ததும் தரகரை அழைப்பது நல்லது. ஜூனில் பள்ளி திறக்கும் முன் குடியேற நினைக்கும் குடும்பங்கள் அப்போது வீடு தேடுவார்கள்.

வாங்குபவர் வங்கிக் கடன் பெறுபவரானால் பத்திரங்களைச் சரிபார்க்கவே சில வாரங்கள் ஆகும். பணம் கைக்கு வர மூன்று மாதம் என்று கணக்கு வையுங்கள். வீட்டுப் பணத்தை நம்பி எவருக்கும் பின்தேதியிட்ட காசோலை கொடுக்காதீர்கள். அது திரும்பி வந்தால் வழக்கும் வரும், பல ஆண்டு நாணயமும் போகும்.

4. தரகர் வரும் நாள்

அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையை முன்பே விசாரித்து, நம் விலையை முடிவு செய்யுங்கள். இரண்டு மூன்று தரகர்களை ஒரே வாரத்தில் வரவழைத்து, எல்லோரிடமும் ஒரே விலையைச் சொல்லுங்கள். பல மாதம் பலர் கையில் சுற்றிய வீடு, விலை போகாத பழைய சரக்கைப் போல மதிப்பு இழக்கும். தரகு நூற்றுக்கு எவ்வளவு என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கையில் நகல்களை மட்டும் கொடுங்கள்.

வீட்டைக் காட்ட ஞாயிறு காலை 9 முதல் 12 வரை ஏற்ற நேரம். வெளிச்சம் இருக்கும், வேலைக்குச் செல்வோரும் வர முடியும். முதல் நாளே சொல்லிவிட்டு வரும்படி தரகரிடம் கூறுங்கள். நாம் கடையில் இருக்கும்போது வருபவர்கள் வீட்டுப் பெண்களிடம் விலையையும் விற்கும் காரணத்தையும் கேட்டுப் பார்ப்பார்கள். "விலையைக் கடையில் கேளுங்கள்" என்ற ஒரே பதிலை அனைவரும் சொல்லட்டும்.

5. முன்பணம்

2015 ஜூன் முதல், வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கக் கூடாது. வாங்கினால் அதே தொகை அபராதமாகலாம். வங்கி வழியே வாங்குங்கள். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். அந்தச் சான்றை மறவாமல் கேட்டு வாங்குங்கள்.

பத்திரம், பழுது, விலை, அதன் பிறகே தரகர். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிக் கல்லாப் பெட்டி அருகே ஒட்டி வையுங்கள்.