சிகிச்சையிலும் உண்டு இடைநிற்றல்

இடைநிற்றல் என்றாலே பள்ளியை விட்டு நின்றுவிடும் மாணவர்தான் நம் நினைவுக்கு வருவார். உடல் பருமனுக்கான சிகிச்சையிலும் இடைநிற்றல் உண்டு. பரிந்துரைச் சீட்டோடு மருத்துவமனை செல்லத் தொடங்கும் மாணவர்களில் சிலர் சில வாரங்களிலேயே நின்றுவிடுவதை உடற்கல்வி ஆசிரியராக நான் கவனித்து வருகிறேன்.

பெற்றோரிடம் கேட்டால் ஒரு நாள் கூலி, பேருந்துத் தொலைவு, தேர்வு என்று காரணங்கள் வரும். கடைசியில், "மூணு மாசமா அலையுறோம் சார், ஒரு கிலோகூடக் குறையலையே!" என்பார்கள்.

வளரும் குழந்தைக்கு எடை குறையாமலேயே பருமன் குறையலாம். 140 செ.மீ. உயரமும் 46 கிலோ எடையும் உள்ள மாணவரின் உடல் நிறை குறியீட்டெண் 23.5. ஓராண்டில் உயரம் 146 செ.மீ. ஆகி, எடை அதே 46 கிலோவில் நின்றால் அது 21.6 ஆகிவிடும். இது நல்ல முன்னேற்றம். கிலோவை மட்டும் பார்க்கும் பெற்றோருக்கோ தோல்வியாகத் தெரிகிறது. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாலே பலர் தொடர்ந்து செல்ல முன்வருவார்கள்.

அடுத்த காரணி குடும்பம். அமெரிக்க உளவியலாளர் லியோனார்ட் எப்ஸ்டைன் குழுவினர் 1990இல் பத்தாண்டுத் தொடர் ஆய்வு ஒன்றை வெளியிட்டனர். பெற்றோர், குழந்தை இருவருக்கும் ஊக்கமளித்த குழுவில் மிகை எடை 7.5 விழுக்காடு குறைந்திருந்தது. குழந்தைக்கு மட்டும் ஊக்கமளித்த குழுவில் 4.5 விழுக்காடு கூடியிருந்தது. வீட்டில் எல்லோரும் முறுக்கும் மிக்சரும் சாப்பிட, ஒரு குழந்தை மட்டும் சுண்டலோடு எத்தனை நாள் இருக்கும்?

நாம் செய்யக்கூடியவை:

1. சிகிச்சை நாளில் விடுபட்ட பாடத்தைத் தவறாமல் சொல்லித் தருவோம். அன்று வகுப்புத் தேர்வு இருந்தால் வேறு நாளில் வைப்போம்.

2. உயரம், எடையைத் தனியே அளந்து பதிவோம். பிறர் முன் வாசிக்க வேண்டாம். பட்டப்பெயர் சொல்வதை முதல் முறையே தடுப்போம்.

3. நாள்தோறும் 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓட்டத்தில் பின்தங்குபவரை ஓரமாக உட்கார வைக்காமல், கயிறு இழுத்தல் போன்று அவர் சிறக்கும் விளையாட்டில் சேர்ப்போம்.

4. பெற்றோர் கூட்டத்துக்கு, வீட்டில் தின்பண்டம் வாங்கித் தரும் தாத்தா பாட்டியையும் அழைப்போம்.

மாணவர் ஒருவர் பள்ளிக்கு இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறோம். சிகிச்சைக்கு ஒரு முறை போகவில்லை என்று தெரிந்தாலும் அதேபோல் பேசிவிடுவோம்.